துல்லியத்தில் தோற்ற கடிகாரம்

கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பாட்டரிக் கைக்கடிகாரம் ஒரு மாதத்தில் ஏறத்தாழப் பதினைந்து வினாடிகள் முன்பின்னாகலாம். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள சுவிட்சர்லாந்து நாட்டு இயந்திரக் கைக்கடிகாரமோ, அந்நாட்டின் கடுமையான சோதனையில் தேறியதாகவே இருப்பினும், அதே பதினைந்து வினாடிப் பிழையை மூன்று நான்கு நாள்களில் எட்டிவிடக் கூடும். காலத்தைக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவி, அந்த ஒரே கடமையில் தன்னினும் மிக மலிவான கருவியிடம் தோற்கிறது; தோற்ற பின்னும் விரும்பப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் கைக்கடிகார ஏற்றுமதியில் எண்ணிக்கையால் குறைந்த இயந்திரக் கடிகாரங்களே, மதிப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஈட்டித் தருகின்றன. 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் வாழ்ந்துவரும் இயந்திரக் கடிகாரக் கைவினையை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இதனைச் செல்வர்களின் பகட்டு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும், பகட்டுக்கு வழியே இல்லாத எளியவர்களிடத்திலும் இந்தப் பற்று காணப்படுகிறது. தந்தையார் கட்டியிருந்த பழைய எச்.எம்.டி. கடிகாரத்துக்கு இன்றும் காலையில் சாவி கொடுப்பவர்கள் நம் ஊர்களில் உளர். நேரம் தெரிந்துகொள்ள அவர்களது சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறது. அப்படியிருக்க, அந்தக் கடிகாரத்தில் அவர்கள் காண்பதுதான் என்ன? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், அக்கடிகாரம் ஏன் பிழைபடுகிறது என்பதையும், பிழைபடும் கடிகாரங்களோடு மனிதர்கள் எவ்வாறு ஒழுங்காக வாழ்ந்தார்கள் என்பதையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வினாடிக்கு எட்டு அசைவுகள்

இயந்திரக் கைக்கடிகாரத்துக்கு ஆற்றல் தருவது ஒரு சுருள்வில் ஆகும். பக்கவாட்டிலுள்ள குமிழைத் திருகிச் சாவி கொடுக்கும்போது, நீண்ட உலோக நாடா ஒன்று சிறியதொரு பேழைக்குள் இறுகச் சுற்றிக்கொள்கிறது. அது விரிந்து பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சியே பற்சக்கரங்களை உருட்டுகிறது. தானாகச் சாவி ஏறும் கடிகாரங்களில், அணிந்திருப்பவரின் கையசைவால் சுழலும் ஓர் எடைத்தகடு இந்த வேலையைச் செய்கிறது.

தடையின்றி விட்டுவிட்டால் சுருள்வில் வெகுவிரைவில் விரிந்து, முட்கள் கட்டுப்பாடின்றிச் சுழன்று ஓய்ந்துவிடும். அதனை அளந்து அளந்து வெளியேற்றுவதிலேதான் கடிகாரக் கலையின் நுட்பம் அடங்கியிருக்கிறது. மயிரிழை போன்ற மற்றொரு மெல்லிய சுருளோடு இணைக்கப்பட்ட சிறு சக்கரம் ஒன்று இப்புறமும் அப்புறமும் அசைந்தாடுகிறது. அதனைச் சமன்சக்கரம் எனலாம். அது ஆடும் ஒவ்வொரு முறையும் சிறு கவை ஒன்று பற்சக்கரத்தை ஓர் அற்ப அளவு நகரவிட்டு, உடனே தடுத்து நிறுத்துகிறது. அந்தத் தடுப்பின் ஓசைதான் நம் காதில் விழும் ‘டிக் டிக்’ என்னும் ஒலி. இக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் இந்த அசைவு மணிக்கு 28,800 முறை, அதாவது வினாடிக்கு எட்டு முறை நிகழ்கிறது. ஒரு நாளில் இது 6,91,200 முறை ஆகிறது.

இந்த அசைவுகள் யாவும் ஒரே கால அளவினவாக அமைந்துவிட்டால் பிழைக்கு இடமே இராது. ஆனால் வெப்பம் கூடினால் உலோகம் விரிகிறது; சுருளின் விறைப்பும் மாறுகிறது. கடிகாரம் படுத்திருக்கும்போது ஒருவிதமாகவும் செங்குத்தாக நிற்கும்போது வேறுவிதமாகவும் புவியீர்ப்பு சமன்சக்கரத்தைத் தாக்குகிறது. ஒலிபெருக்கியிலும் கைப்பேசி உறைகளிலும் உள்ள காந்தம் சுருளின் வளையங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல எண்ணெய் தடித்துவிடுகிறது. காலையில் இறுகியிருந்த சுருள்வில் இரவில் தளர்ந்து, தரும் விசையும் குறைகிறது. இத்தனைக்கும் நடுவில்தான் அந்தச் சிறு சக்கரம் ஆடிக்கொண்டிருக்கிறது.

இந்நிலையில், கடிகாரம் பிழைபடுவதைக் காட்டிலும், அது இத்துணைக் குறைவாகப் பிழைபடுவதே வியப்புக்குரியது எனலாம். ஒரு நாளின் 86,400 வினாடிகளில் எட்டு வினாடிகள் தவறினால், அது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்துக் கிலோமீட்டர் தூரத்தை அளந்து ஒரு மீட்டருக்கும் குறைவாகத் தவறுவதற்கு இது ஒப்பாகும். சுவிட்சர்லாந்தில் கடிகாரங்களுக்கு நற்சான்று வழங்கும் நிறுவனம், ஒவ்வோர் இயந்திரத்தையும் பதினைந்து நாள்கள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் வைத்துச் சோதிக்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு வினாடி பின்தங்குவதும் ஆறு வினாடி முந்துவதும் அங்கே அனுமதிக்கப்பட்ட எல்லைகள். கையால் சாவி கொடுத்து, உராயும் உலோகத்தால் ஓடும் ஒரு பொறியிடம் இதற்கு மேல் கேட்பது எளிதன்று.

பிழையை அறிந்துகொள்ளுதல்

இந்த எல்லையை அடைவதற்கே நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. ஊசல் கடிகாரத்தை 1656இல் உருவாக்கிய டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1675இல் சமன்சக்கரத்தோடு மெல்லிய சுருளை இணைக்கும் முறையை வெளியிட்டார். அதன் பிறகே சட்டைப்பைக் கடிகாரத்தில் நிமிட முள்ளுக்குப் பொருள் உண்டாயிற்று. கடலில் கப்பல் இருக்குமிடத்தின் தீர்க்கரேகையைக் கணிக்கும் வழியைக் கண்டறிவோருக்குப் பெரும்பரிசு தருவதாக 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தச்சரின் மகனாகிய ஜான் ஹாரிசன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கெனச் செலவிட்டார். பெரியதொரு சட்டைப்பைக் கடிகாரம் போன்ற அவரது நான்காவது கருவி, 1761ஆம் ஆண்டு இறுதியில் ஜமைக்கா நோக்கிக் கப்பலேறியது. 81 நாள்களில் அது காட்டிய பிழை ஏறத்தாழ ஐந்து வினாடிகள்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்த ஐந்து வினாடி என்பது, கடிகாரம் நாள்தோறும் எவ்வளவு பின்தங்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அதனைக் கணக்கில் சேர்த்த பிறகு எஞ்சிய பிழை ஆகும். கடலோடிகளுக்குப் பிழையே இல்லாத கடிகாரம் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. தன் பிழையில் மாறாது நிற்கும் கடிகாரமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. நாளுக்கு மூன்று வினாடி என்று சீராகப் பின்தங்கும் கடிகாரத்தை நம்பிக் கடல் கடக்கலாம். இன்று ஒரு வினாடியும் நாளை பத்து வினாடியுமாகத் தாறுமாறாக ஓடும் கடிகாரத்தை நம்ப இயலாது. கடிகாரத்தின் மீதான நம்பிக்கை, அதன் இயல்பை அறிந்திருப்பதன் மேல் அமைந்திருந்தது.

உலோக ஆய்விலும் இதே வேட்கை தொடர்ந்தது. வெப்பத்தால் மிகச் சிறிதளவே விரியும் உலோகக் கலவையைக் கண்டறிந்த சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல் எதுவார் கியோம் 1920ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றார். கடிகாரச் சுருளின் சிக்கலைத் தீர்ப்பதில் அவரது ஆய்வு பெரிதும் பயன்பட்டது.

படிகம் கொண்டுவந்த புயல்

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் ‘அஸ்ட்ரான்’ என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 4,50,000 யென்; அக்காலத்தில் ஒரு சிறிய மோட்டார் காரின் விலை அது. பிழையோ மாதத்துக்கு ஐந்து வினாடியளவே. மின்னோட்டம் பாயும்போது குவார்ட்ஸ் படிகம் சீராக அதிரும் இயல்புடையது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களில் அந்த அதிர்வு வினாடிக்கு 32,768 முறை நிகழ்கிறது. சமன்சக்கரத்தின் எட்டு அசைவுகளை இதனோடு ஒப்பிட்டால், போட்டி தொடங்கும் முன்னரே முடிந்துவிட்டது விளங்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் விலையும் வீழ்ந்தது. 1970 அளவில் சுமார் 90,000 பேர் பணியாற்றிய சுவிட்சர்லாந்துக் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுப்பகுதியில் முப்பதாயிரத்தைச் சற்றே கடந்த அளவினரே எஞ்சினர். தலைமுறை தலைமுறையாக வந்த பட்டறைகள் மூடப்பட்டன. கருவிகள் பழைய இரும்பாக எடைபோட்டு விற்கப்பட்டன.

அந்நாள்களில் நிகழ்ந்த ஒரு செயல் நினைவுகூரத்தக்கது. சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் நகரிலிருந்த செனித் தொழிற்சாலையை அப்போது அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் உடைமையாகக் கொண்டிருந்தது. இயந்திரக் கடிகார உற்பத்தியை நிறுத்தும்படி 1975இல் அந்நிறுவனம் ஆணையிட்டது. பட்டறைப் பொறுப்பாளர்களுள் ஒருவரான சார்ல் வெர்மோ அந்த ஆணையை மறுத்துக் கடிதம் எழுதினார்; பயனில்லை. பின்னர் அவர், வினாடிக்குப் பத்து அசைவுடைய ‘எல் பிரிமேரோ’ என்னும் இயந்திரத்தைச் செய்வதற்கான அச்சுகளையும் கருவிகளையும் வரைபடங்களையும் சிறிது சிறிதாகத் தொழிற்சாலையின் மேல்மாடத்துக்குக் கொண்டுசென்று ஒளித்துவைத்தார். எது எங்கே உள்ளது என்பதையும் எழுதிவைத்தார். 1980களில் அந்த இயந்திரத்தை மீண்டும் செய்ய நிறுவனம் விரும்பியபோது, அந்த மேல்மாடமே கைகொடுத்தது. வெர்மோ காத்துவைத்தது வெறும் இரும்புத் தளவாடம் என்று கொள்ளுதல் பொருந்தாது. அறிவு கைகளில் வாழ்வது. கருவி அழிந்து கைகளும் ஓய்ந்துவிட்டால் அதனை ஏட்டிலிருந்து மட்டும் மீட்டெடுத்தல் அரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

சூரியன் மறையும்போது மணி பன்னிரண்டு

பிழைபடும் கடிகாரங்களோடு ஒரு சமூகம் முழுவதும் ஒழுங்காக வாழ்ந்ததற்குச் சிறந்த சான்றை உஸ்மானியப் பேரரசில் காணலாம்.

தொழுகை நேரங்களைக் கணிக்கும் ‘முவக்கித்’ என்னும் பொறுப்பு முஸ்லிம் உலகில் பழமையானது. டமாஸ்கஸ் நகரின் உமையா பள்ளிவாசலில் அப்பொறுப்பை வகித்தவர், 14ஆம் நூற்றாண்டின் பெரும் வானியலறிஞரான இப்னு அல்-ஷாதிர். அவர் 1371இல் அப்பள்ளிவாசலின் மினாராவுக்கெனச் சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார். டமாஸ்கஸில் பிறந்த தகியுத்தீன் (1526–1585) சுருள்வில்லாலும் எடையாலும் இயங்கும் கடிகாரங்களைப் பற்றித் தனி நூல் இயற்றினார். இஸ்தான்பூலில் அவர் தலைமையில் இயங்கிய வானாய்வுக்கூடத்தில் மணியையும் நிமிடத்தையும் அதனினும் நுண்ணிய பகுதியையும் காட்டும் கடிகாரம் பயன்பட்டது. அந்த ஆய்வுக்கூடம் 1580இல் இடிக்கப்பட்டது. ஆயினும், பள்ளிவாசல்களை ஒட்டி முவக்கித்கானா எனப்பட்ட நேரக் கணிப்பு இல்லங்கள் உஸ்மானிய நகரங்களில் தொடர்ந்து இயங்கின.

உஸ்மானிய வழக்கில் நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்கியது. அப்போது மணி பன்னிரண்டு. சூரியன் மறையும் நேரம் நாள்தோறும் மாறுவது. இஸ்தான்பூலில் சில பருவங்களில் அது ஒரே நாளில் ஒரு நிமிடத்துக்கும் அதிகமாக நகர்கிறது. ஆகவே, ஒரு வினாடியும் பிழைக்காத கடிகாரம் ஒன்று அந்நகரில் இருந்திருப்பினும், மறுநாள் மாலையில் அதுவும் தவறாகவே இருந்திருக்கும்! லண்டன் நகரின் ஜார்ஜ் பிரையர் போன்ற கைவினைஞர்கள் உஸ்மானியச் சந்தைக்கெனத் தனி எண்ணுருக்களுடன் செய்தனுப்பிய உயர்ந்த சட்டைப்பைக் கடிகாரங்களுக்கும் இதுவே நிலை. உடைமையாளர் முவக்கித்கானாவின் சாளரத்தருகே நின்று அங்குள்ள கடிகாரத்தைப் பார்த்துத் தம்முடையதைத் திருத்திக்கொள்வார்; முவக்கித் தம் கடிகாரத்தைச் சூரியனைக் கொண்டு திருத்துவார். திருத்துதல் என்பது கடிகாரத்தின் குறைபாட்டுக்குச் செய்யும் பரிகாரமாகக் கருதப்படவில்லை. அது கடிகாரம் வைத்திருப்பதன் இயல்பான பகுதியாகவே இருந்தது. துருக்கிக் குடியரசு 1926ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நள்ளிரவில் தொடங்கும் நாளையும் 24 மணிக் கணக்கையும் ஏற்றுக்கொண்டதோடு அந்த வழக்கம் அரசு வாழ்விலிருந்து மறைந்தது.

பெங்களூரும் ஓசூரும்

இயந்திரக் கடிகாரம் குவார்ட்ஸுக்கு வழிவிட்ட வரலாற்றின் ஓர் அத்தியாயம் நம் அருகிலேயே நிகழ்ந்தது. பொதுத்துறை நிறுவனமாகிய எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, சோனா, பைலட், கோஹினூர் என அதன் பெயர்கள் வீடுதோறும் அறிமுகமாயின. தேர்வில் தேறிய மகனுக்கும், திருமணத்தில் மணமகனுக்கும், பணி ஓய்வு பெறும் ஊழியருக்கும் அதுவே பரிசு. கடிகார முகப்பிலிருந்த ‘17 ஜுவல்ஸ்’ என்னும் சொற்களை விலையுயர்ந்த கற்கள் என்று பெருமையோடு காட்டிக்கொண்டவர் பலர். உண்மையில் அவை சக்கரங்களின் அச்சுமுனை தேயாதிருக்கப் பொருத்தப்படும் செயற்கை மாணிக்கத் துணுக்குகளே.

பின்னர் 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூரில் எழுந்த அதன் தொழிற்சாலை குவார்ட்ஸ் கடிகாரத்தையே தன் வழியாகக் கொண்டது. சந்தை விரைவாக அப்பக்கம் சாய்ந்தது. எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால், மூடப்படவுள்ள செய்தி பரவியபோது எஞ்சியிருந்த கடிகாரங்களைத் தேடி வாங்குவோர் பெருகினர். அவ்வாறு தேடியவர்கள் துல்லியத்தை நாடிச் சென்றிருக்க முடியாது.

திருத்தம் நிகழும் இடம்

மேற்கண்ட செய்திகளிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. திருத்தம் தேவைப்படாத கடிகாரம் என்று உலகில் எதுவும் இல்லை. கைப்பேசி எப்போதும் சரியான நேரம் காட்டுகிறது என்கிறோம். அதனுள் இருப்பதும் பிழைபடும் குவார்ட்ஸ் படிகமே. நாம் அறியாமலேயே வலைப்பின்னல் அதனை அடிக்கடி திருத்துகிறது. அந்த வலைப்பின்னலை அணுக் கடிகாரங்கள் திருத்துகின்றன. அணுக் கடிகாரத்தையும் ஒன்றை மட்டும் நம்பி விட்டுவிடுவதில்லை. உலகெங்கும் உள்ள நானூற்றுக்கும் மேற்பட்டவற்றின் சராசரியைக் கொண்டே உலகப் பொதுநேரம் கணிக்கப்படுகிறது. அந்தப் பொதுநேரத்துக்கும், சீரற்றுச் சுழலும் பூமியோடு ஒத்துப்போவதற்காக 1972 முதல் 2016 வரை 27 முறை ஒரு வினாடி கூட்டப்பட்டது. ஆகவே, திருத்தம் எங்கே நிகழ்கிறது, யார் அதைச் செய்கிறார்கள் என்பதில்தான் கடிகாரத்துக்குக் கடிகாரம் வேறுபாடு.

இயந்திரக் கைக்கடிகாரத்தில் அந்தத் திருத்தம் அணிந்திருப்பவரின் விரல்களில் நிகழ்கிறது. தன் கடிகாரம் நாளுக்கு எத்தனை வினாடி முந்தும், இரவில் எவ்வாறு கிடத்தினால் அது குறையும் என்பதையெல்லாம் அவர் பழக்கத்தால் அறிவார். ஹாரிசன் காலத்துக் கடலோடிக்கும் முவக்கித்கானாவின் சாளரத்தில் நின்றவருக்கும் இருந்த அதே உறவு இது. கருவி மனிதனிடம் சிறிதளவு கவனத்தைக் கேட்கிறது. கவனித்த பொருளின் மீது பற்று உண்டாவது மனித இயல்பு.

இதனோடு மேலும் இரண்டு காரணங்களைச் சேர்க்கலாம். முதலாவது, அது புரிந்துகொள்ளத்தக்க பொறி. பின்மூடியைத் திறந்தால் எது எதை உருட்டுகிறது என்பதைப் பத்து வயதுச் சிறுவனும் கண்ணால் பின்தொடர முடியும். கைப்பேசியைத் திறந்து பார்ப்பவர் அதன் இயக்கத்தில் எதையும் காண்பதற்கில்லை. நாள்தோறும் நாம் புழங்கும் பொருள்களில் பெரும்பாலானவை நமக்கு விளங்காதவையாகிவிட்ட காலத்தில், விளங்கும் பொருள் ஒன்று கையில் இருப்பது ஆறுதலாகும். இரண்டாவது, அது பழுதுபார்க்கத்தக்கது. நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகளில் எது தேய்ந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். இல்லாததைக் கடைந்தும் செய்யலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெயிட்டால், பாட்டனாரின் கடிகாரம் பேரனின் கையிலும் ஓடும். சில ஆண்டுகளில் கைவிடப்படும் மின்னணுக் கருவிகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் இங்கே தேவை. துல்லியம் தேவைப்படும் இடத்தில் பற்றுக்கு இடம் தரலாகாது. நாளுக்குப் பத்து வினாடி பின்தங்கும் கடிகாரம் ஒரு மாதம் திருத்தப்படாவிட்டால் ஐந்து நிமிடம் பின்தங்கிவிடும். ஸஹர் முடிவை அதனைக் கொண்டு முடிவு செய்பவர், வைகறை புலர்ந்த பின்னும் உண்டுகொண்டிருக்க நேரும். அத்தகையவர் வாரத்துக்கு இருமுறையேனும் முள்ளைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். மற்றொன்று, மேலே சொன்ன நன்மைகள் விலையோடு கூடுவன அல்ல. புரிதலும் பழுதுபார்க்கும் வாய்ப்பும் நாள்தோறும் சாவி கொடுக்கும் உறவும் எளிய ஜனதா கடிகாரத்திலும் குறைவின்றிக் கிடைக்கின்றன. இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்குபவர் அதற்கு மேல் பெறுவதில் கைவினை நேர்த்தி ஒரு பகுதி. பெருமை மறு பகுதி.

இன்று கவலைக்குரியது கடிகாரத்தின் நிலையன்று. அதனைப் பழுதுபார்க்கும் கைகளின் நிலையே ஆகும். கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திக்கொண்டு, கண்ணாடிப் பெட்டி போன்ற சிறு கடையில் குனிந்திருக்கும் முதியவர்களை நம் கடைத்தெருக்களில் இன்னும் காணலாம். அவர்களில் பலரது பிள்ளைகள் அத்தொழிலுக்கு வரவில்லை. பாட்டரி மாற்றுவதும் வார் மாற்றுவதுமே அவர்களது அன்றாட வருவாய். வெர்மோவுக்குக் கருவிகளை ஒளித்துவைக்க ஒரு மேல்மாடம் இருந்தது. இவர்களது விரல்களிலுள்ள அறிவை ஒளித்துவைக்க இடமில்லை. அது மற்றொருவரின் விரல்களுக்குச் சென்றாக வேண்டும். இல்லையேல் அவர்களோடு முடிந்துபோகும்.

வீட்டு அலமாரியில் ஓடாது கிடக்கும் பழைய கடிகாரம் ஒன்று பலரிடமும் இருக்கக் கூடும். அதனை எடுத்துச் சென்று அத்தகைய ஒருவரிடம் கொடுப்பவர், நேரத்தின் பொருட்டு மட்டும் அதைச் செய்வதில்லை. ஓரிரு வாரங்களில் அது மீண்டும் ஓடத் தொடங்கும். ஒரு நாளில் சில வினாடிகள் பிழைபடவும் செய்யும். காலையில் சாவி கொடுக்கும்போது அந்தப் பிழையை அவரே திருத்திக்கொள்வார்.